ஒன்பதாம் வகுப்பு மகளை எந்த மன்றத்தில் சேர்க்கலாம்?

உங்கள் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். என்.சி.சி., சாரணியர், ஜே.ஆர்.சி., பசுமைப் படை, இலக்கிய மன்றம் என்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டி, ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்கிறாள். எதில் சேர்ப்பது, படிப்பு கெடுமா, பின்னால் கல்லூரிக்கு உதவுமா, வெளியூர் முகாமுக்குப் பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, ஜே.ஆர்.சி.யையும் பிறகு என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தையும் கவனித்துக்கொண்டவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கட்டாயம் சேருங்கள். ஆனால் ஒன்றில் மட்டும் சேருங்கள். எதில் என்பதை மன்றத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மன்றத்தின் பொறுப்பாசிரியர் யார் என்று விசாரியுங்கள்.

இதை நான் முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளியில் ஒவ்வொரு மன்றத்தையும் ஓர் ஆசிரியர் தன் பாடவேளைகளோடு கூடுதலாகச் சுமக்கிறார். விருப்பப்பட்டு எடுத்தவராக இருந்தால் வாரம் தவறாமல் கூட்டுவார், சனிக்கிழமையும் வருவார், கைக்காசு போட்டுக்கூட வெளியே அழைத்துப் போவார். யாரும் எடுக்காததால் அவர் தலையில் வந்து விழுந்த பொறுப்பாக இருந்தால், மன்றம் பதிவேட்டில் மட்டும் இருக்கும். ஒரே பெயருள்ள மன்றம் இந்தப் பள்ளியில் உயிரோடு இருக்கும், பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்காது. ஆகவே மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். பத்தாம் வகுப்பு அக்காக்களிடம் போய், போன வருடம் என்ன செய்தீர்கள், எந்தக் கிழமை கூடுவீர்கள், மிஸ் வருவார்களா என்று கேட்டு வரட்டும். "கண்மாய்க்குப் போனோம், பறவை எண்ணினோம்", "கட்டுப் போடக் கற்றுக்கொண்டோம்" என்று குறிப்பாகச் சொல்ல முடிகிற மன்றம்தான் நடக்கிற மன்றம். "நல்லா இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொன்றைப் பாருங்கள்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப் போவதில்லை.

என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, 1948இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. "ஒற்றுமையும் ஒழுக்கமும்" என்பது அதன் முழக்கம். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று பிரிவுகள் உண்டு. உங்கள் பள்ளியில் எது இருக்கிறது என்பது எந்தப் பட்டாலியனோடு பள்ளி இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பள்ளி நிலையில் மாணவிகளுக்கு ஜூனியர் விங் என்று பெயர். அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, வரைபடம் பார்த்தல், முதலுதவி எல்லாம் கற்றுத் தருவார்கள். இரண்டு வருடப் பயிற்சி. அணிவகுப்புகளில் முக்கால் பங்கு வருகையும் ஒரு முகாமும் இருந்தால்தான் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை இங்கேதான் சிக்கல். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் இரண்டாம் வருடம் பத்தாம் வகுப்பில் வந்து விழும். எட்டாம் வகுப்பிலேயே சேர்க்கிற பள்ளிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்பதில் சேர்க்கிற பள்ளி என்றால், பத்தாம் வகுப்பில் அணிவகுப்பை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள், முகாமை முதல் வருடத்திலேயே முடித்துவிடலாமா என்று பொறுப்பாசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் வழி செய்திருப்பார்கள். கேட்காமல் சேர்த்துவிட்டு, அடுத்த வருடம் பாதியில் நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் மனம் மிகவும் உடையும். அப்படி அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ராணுவத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்மையிலேயே இருந்தால் இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். பலன் பெரிதாக இருப்பது கல்லூரியில் கிடைக்கும் 'சி' சான்றிதழுக்குத்தான். குறைந்தது 'பி' கிரேடோடு அதை வைத்திருக்கிற பட்டதாரிப் பெண்கள், எழுத்துத் தேர்வு இல்லாமல், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு நேரடியாகப் போகும் சிறப்பு வழி ஒன்று தரைப்படையில் இருக்கிறது. தேர்வானால் பயிற்சி நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான். பள்ளியில் என்.சி.சி. கிடைக்காமல் போனாலும் இந்தக் கதவு மூடிவிடாது. கல்லூரியில் சேர்ந்து அங்கிருந்தே தொடங்கலாம். அதனால் இப்போது இடம் கிடைக்கவில்லை என்று அவள் கலங்க வேண்டாம்.

சாரண சாரணியர் இயக்கத்தில் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று படிப்படியாக ஏறி, ஆளுநர் கையொப்பமிடும் ராஜ்ய புரஸ்கார், அதன்பிறகு ராஷ்டிரபதி விருது என்று போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் உழைப்பு தேவை. ஆறாவது, ஏழாவதில் தொடங்கியவர்களுக்கு அது சுகமாக நடக்கும். ஒன்பதில் தொடங்கினால் மேலே உள்ள விருதுகளை எட்டுவது கடினம். விருதை மறந்துவிட்டுப் பார்த்தால் நல்ல இயக்கம்தான். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட சிறு அணிக்கு ஒரு பிள்ளையே தலைவி. கயிறு முடிச்சு போடுவது, திறந்த வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பது, கூடாரம் அடிப்பது எல்லாவற்றையும் அந்தச் சிறுமியே முன்னின்று செய்விக்க வேண்டும். வாய் திறக்காத பிள்ளைகள் இதில் மாறுவதைப் பார்க்கலாம். ரயில்வேயில் ராஷ்டிரபதி விருது பெற்ற சாரணர்களுக்கென்றே தனி ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். உங்களுக்கு இளைய பிள்ளை இருந்தால் அவர்களை ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஜே.ஆர்.சி. என்கிற இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றி நான் சற்று நீட்டித்தான் பேசுவேன். பலர் இதை "சும்மா பேட்ஜ் குத்திக்கொள்கிற சங்கம்" என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். முதலுதவியை ஒழுங்காகச் சொல்லித் தருகிற ஆசிரியர் இருந்தால், பள்ளியில் இதைவிடப் பயனுள்ள மன்றம் கிடையாது என்பது என் முடிவு.

நம் வீடுகளில் இன்றைக்கும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையில் எண்ணெய் தெறித்தால் பற்பசை தடவுகிறோம், மாவு பூசுகிறோம். செய்ய வேண்டியது குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். செய்ய வேண்டியது, சுற்றியுள்ள பொருள்களை விலக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம், கடிவாயைக் கீறுகிறோம். இரண்டுமே கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். பதினான்கு வயதுப் பெண் இதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அவள் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோருடைய பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. என் மாணவி ஒருத்தி சமையலறையில் பால் கொட்டிய தம்பியின் காலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, தோசை மாவோடு வந்த அத்தையை அருகில் விடவில்லை என்று அவள் அம்மாவே வந்து சொன்னார். அந்தப் பெண் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் இல்லை. அன்று அந்த வீட்டில் சரியாக நடந்துகொண்டவள் அவள்தான்.

ஆகவே ஜே.ஆர்.சி.யைப் பற்றி விசாரிக்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: போன வருடம் மருத்துவரோ செவிலியரோ வந்து கையால் செய்துகாட்டிப் பயிற்சி கொடுத்தார்களா? ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள்.

தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் என்ற இரண்டு பெயர்களில் ஏதாவது ஒன்றில் ஒரு மன்றம் இருக்கும். பசுமைப் படை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02இல் தொடங்கிய திட்டம். மரக்கன்று நடுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கும். மே மாத விடுமுறையில் அந்தக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், மன்றத்தின் தரம் தெரிந்துவிடும். இந்த மன்றத்தில் நான் மிகவும் விரும்புவது பறவை பார்த்தல். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் பள்ளி வளாகங்களும் கலந்துகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை இனவாரியாக எண்ணி, 'இபேர்ட்' என்ற தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை. காக்கை, மைனா என்று ஆரம்பிக்கிற பிள்ளைகள் சில வாரங்களில் கரிச்சானையும் தையல்சிட்டையும் செம்போத்தையும் குரலை வைத்தே சொல்வார்கள். அவர்கள் எழுதிய எண்ணிக்கை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிற தரவில் சேருகிறது என்று சொன்னால் அவர்கள் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும். செலவு எதுவும் இல்லை. ஒரு நோட்டும், முடிந்தால் பள்ளிக்கு ஒரு பைனாகுலரும் போதும்.

அறிவியலில் நாட்டம் இருந்தால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1993 முதல் நடக்கிறது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை நீண்டகாலமாக முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு சேர்ந்து, தங்கள் ஊரிலேயே உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து, அறிக்கை எழுதி, மேடையில் விளக்க வேண்டும். தமிழிலேயே செய்யலாம். இது கண்காட்சியில் தெர்மாகோல் மாடல் வைப்பதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. கடையில் வாங்கிய எரிமலைக்கு இங்கே வேலை இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளியில் குழாய்கள் ஒழுகுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். எத்தனை குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிலிட்டர், இடைவேளைக்குப் பிறகு கூடுகிறதா, வாஷர் மாற்றினால் எவ்வளவு குறைகிறது, மாற்ற என்ன செலவு என்று நான்கு வாரம் அளந்து அட்டவணை போட்டால் அது ஆய்வு. அளவுகோலைக் கையில் பிடித்து, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அளந்து, நேற்று வந்த எண்ணும் இன்று வந்த எண்ணும் ஏன் பொருந்தவில்லை என்று யோசிக்கிற பழக்கம் பாடப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அப்புறம் நடுவர் குறுக்குக் கேள்வி கேட்பார். "தெரியவில்லை, அதை நாங்கள் அளக்கவில்லை" என்று நேர்மையாகச் சொல்லப் பழகுவதும் இதில் ஒரு பாடம். பள்ளியில் இப்படி ஒரு குழு இல்லையென்றால் அறிவியல் ஆசிரியரிடம் உங்கள் மகளே போய்க் கேட்கலாம். இரண்டு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

கூடவே இன்ஸ்பயர் மானக் விருது இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதலான பிள்ளைகளின் புதிய யோசனைகளைப் பள்ளி இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தேர்வானால் மாதிரி செய்து காட்ட மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வருகிறது. பள்ளிக்கு ஐந்து யோசனைகள்தான் அனுப்ப முடியும் என்பதால், பள்ளி திறந்த உடனேயே சொல்லி வைப்பது நல்லது.

இலக்கிய மன்றம் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. பேச்சு, கட்டுரை, கவிதை, நாடகம் எல்லாம் அதில் அடங்கும். தமிழ் வளர்ச்சித் துறை காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்த நாள்களை ஒட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, 2,000. திருக்குறள் 1330ஐயும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாகப் பரிசு உண்டு. இவையெல்லாம் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டிக்கு யாராவது எழுதிக் கொடுத்த உரையை உருப்போட்டு, கையைத் தூக்கி இறக்கிப் பேசுவது நம் பள்ளிகளில் ஊறிப்போன வழக்கம். அதில் பிள்ளைக்குக் கிடைப்பது கோப்பை மட்டும். முதல் வருடம் பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை, அவளே நூலகத்தில் படித்து, அவளே எழுதி, நீங்கள் கேட்டுத் திருத்திய உரையோடு மேடை ஏறட்டும். தான் நினைப்பதைத் தன் சொற்களில் மூன்று நிமிடம் நின்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு நேர்காணல் அறை பயமாக இருக்காது. எங்கள் பள்ளியில் வழக்கமாக மேடை ஏறியவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான். மற்றவர்களை ஏற்றிவிடுவதுதான் மன்றத்தின் வேலை என்று நான் நம்புகிறேன். உங்கள் மகள் அந்த நான்கைந்து பேரில் இல்லாதவள் என்றால் இந்த மன்றம் அவளுக்குத்தான் அதிகம் தேவை.

பாட்டு, நடனம், ஓவியம் என்று கலைப் பக்கம் மனம் போகிறது என்றால் கலைத் திருவிழாவுக்குத் தயாராகட்டும். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நிலைகள் உண்டு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தனிப் பிரிவு. கும்மி, ஒயிலாட்டம், வில்லுப்பாட்டு, பறை என்று நம் மண்ணின் கலைகளுக்கும் இடம் கொடுத்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வீட்டில் பறை அடிக்கிற தாத்தா இருந்தும் அதை வெளியே சொல்லத் தயங்கிய பிள்ளைகள், இப்போது அதையே மேடையில் வாசித்துக் கைதட்டு வாங்குகிறார்கள்.

குடிமக்கள் நுகர்வோர் மன்றமும் தேர்தல் எழுத்தறிவு மன்றமும் பல பள்ளிகளில் பெயரளவில்தான் இருக்கும். நன்றாக நடக்கிற இடத்தில் பிள்ளைகள் காலாவதி தேதி பார்ப்பது, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் ரசீது கேட்பது, 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்வது எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். 17 வயது முடிந்தால் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பது பிளஸ் டூ பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. விளையாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். உடற்கல்வி ஆசிரியை ஒரு பெண்ணிடம் திறமை இருக்கிறது என்று சொன்னால், அதை மன்றங்களோடு சேர்த்துக் குழப்பாமல் முழுக் கவனத்தையும் அதற்கே கொடுங்கள்.

என்.எஸ்.எஸ். உங்கள் மகளுக்கு இப்போது இல்லை, பிளஸ் ஒன்னில்தான். காந்தி நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது அதன் கொள்கை. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்துவோம். கோயில் வளாகம், பள்ளி, ஊருணி சுத்தம் செய்வது, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது, மருத்துவ முகாமுக்கு உதவுவது, மாலையில் கலை நிகழ்ச்சி. அந்த ஏழு நாளில் டவுன் பிள்ளைகள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்வார்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்ட இந்த நிலையில், பிளஸ் ஒன் வருடத்தை இதற்கு ஒதுக்குவது முன்பைவிட எளிது. அவள் மனதில் இப்போதே போட்டு வையுங்கள்.

பட்டியலில் இருக்கிற எதுவுமே உயிரோடு இல்லை என்றால் என்ன செய்வது? புதிதாக ஒன்றைத் தொடங்கலாம். இதைச் சொன்னால் பெற்றோர் நம்புவதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று நடந்தது. ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் பிறந்தது அது. அங்கே படித்த பிள்ளைகள் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பழைய பானை ஓடுகளையும் காசுகளையும் அடையாளம் காணத் தெரிந்துகொண்டார்கள். தங்கள் ஊரைச் சுற்றிக் கிடந்தவற்றைக் கண்டெடுத்து, செய்தித்தாள்களில் வரும் அளவுக்குப் பதிவு செய்தார்கள். பணக்காரப் பள்ளி இல்லை, அரசு ஒதுக்கிய பெரிய நிதியும் இல்லை. ஊரில் ஒரு பழைய கோயில், மண்ணுக்குள் வரலாறு, சொல்லித் தர ஒரு மனிதர், அவ்வளவுதான். நம் மாவட்டங்களில் இந்த மூன்றும் இல்லாத ஊர் எத்தனை? உங்கள் பள்ளியில் நூலகத்தைச் சுற்றி ஒரு வாசிப்பு வட்டமோ, நான்கு பலகை வைத்து ஒரு சதுரங்க மன்றமோ தொடங்கத் தேவைப்படுவது தலைமையாசிரியரின் அனுமதி, ஓர் ஆசிரியர், வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு வருகைப் பதிவேடு. பெற்றோர் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களே இதை எழுப்பலாம்.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாரம் இரண்டு மூன்று மணி நேரம் போகும். முகாம் வந்தால் சில நாள் பாடம் விடுபடும், தோழியிடம் நோட்டு வாங்கி எழுத வேண்டும். இவ்வளவுதான் இழப்பு. கைப்பேசிக்குப் போகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறியது. உண்மையில் படிப்பைக் கெடுப்பது மூன்று நான்கு மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு ஒவ்வொரு போட்டிக்கும் வகுப்பை விட்டு எழுந்து போவதுதான். அதனால்தான் ஒன்று என்கிறேன். பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவைக்கலாம், அதைப் பொறுப்பாசிரியரே சொல்லுவார்.

கல்லூரிக்கு உதவுமா? இதில் உங்களுக்கு வெளியே தவறான நம்பிக்கை கொடுப்பவர்கள் உண்டு. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எந்த மன்றச் சான்றிதழும் அதில் அரை மதிப்பெண் கூட்டாது. விளையாட்டுக்குத் தனியாக 500 இடங்கள் இருக்கின்றன, அவை மாநில, தேசிய அளவில் ஆடியவர்களுக்கு. மருத்துவம் நீட் மதிப்பெண்ணில் போகிறது. ஆக, பொறியியல், மருத்துவச் சீட்டுக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். விடுதியில் தனியே இருக்கவும், பத்துப் பேரை வைத்து வேலை வாங்கவும், தெரியாதவரிடம் போய்ப் பேசவும் பழகிய பிள்ளையாகக் கல்லூரிக்குள் நுழைவாள். அந்தப் பலனுக்காகச் சேருங்கள்.

கடைசியாக முகாம். உங்கள் தயக்கம் நியாயமானது, அதைத் தாயின் பயம் என்று ஒதுக்க மாட்டேன். கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். எந்தப் பெண் ஆசிரியர் இரவும் பகலும் கூட இருக்கிறார், தங்குமிடம் எது, கழிப்பறையும் தாழ்ப்பாளும் சரியாக இருக்கின்றனவா, மாதவிடாய் வந்தால் யாரிடம் சொல்வது, தினமும் வீட்டோடு பேச எந்த நேரம், உடல்நிலை சரியில்லை என்றால் எந்த மருத்துவமனை. இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பள்ளி நல்ல பள்ளி. சொல்லத் தயங்கினால் அந்த முகாமுக்கு அனுப்ப வேண்டாம். என்.சி.சி. முகாம்களில் மாணவிகளுக்குப் பெண் அதிகாரிகளும் பெண் பயிற்றுநர்களும் இருப்பார்கள். அவர்கள் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளிடமும் பேச வேண்டும். யாராவது தொட்டாலோ, தனியாகக் கூப்பிட்டாலோ, சங்கடமாகப் பேசினாலோ, அவர் யாராக இருந்தாலும், முகாம் பாதியில் நின்றுபோனாலும் பரவாயில்லை, உடனே சொல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417ஐயும் மனப்பாடம் செய்யவையுங்கள். அவள் எந்த மருந்தாவது சாப்பிடுகிறாள், எதற்காவது ஒவ்வாமை இருக்கிறது என்றால் அதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பொறுப்பாசிரியை கையில் நேரில் கொடுங்கள்.